ஓட்டுக்குக் கீழே இருக்கும் கூரை

ஒரே கூரையைப் பார்த்துவிட்டுப் போன மூன்று கூரைக்காரர்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று எஸ்டிமேட்டுகளை அனுப்பியிருந்தார்கள். முதலாமவர், 700 டாலருக்குள் முடிந்துவிடும் ஒட்டுவேலை என்றார். இரண்டாமவர், ஓடுகளையெல்லாம் பிரித்து, அடியில் இருக்கும் தாளை முழுவதுமாக மாற்றி, அதே ஓடுகளைத் திரும்பவும் மேய வேண்டும், 19,000 டாலர் ஆகும் என்றார். மூன்றாமவர் பழைய ஓடுகளையும் தூக்கி எறிந்துவிட்டுப் புது ஓடு போடச் சொன்னார், அவர் எழுதியிருந்த தொகையைப் படித்த என் மனைவி, "இது கூரைக்கா, காருக்கா?" என்று கேட்டாள். இவர்களில் ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று தெரிந்திருந்தால் விஷயம் எளிதாக முடிந்திருக்கும். மூவருமே லைசென்ஸ் உள்ளவர்கள், பல ஆண்டுகளாகத் தொழில் செய்பவர்கள், கேட்ட கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்கள். ஒரே நோய்க்கு மூன்று நல்ல மருத்துவர்கள் இவ்வளவு தூரம் விலகிப் பேச முடியுமா என்ற கேள்வி அந்தக் கோடை முழுவதும் என்னைவிட்டுப் போகவில்லை.

எங்கள் வீடு அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பெருநகரின் தென்கிழக்கே உள்ள சாண்ட்லரில் இருக்கிறது. 2001இல் கட்டிய வீடு. கான்கிரீட் ஓடு வேய்ந்த சரிவுக் கூரை. சிப் ஆலைகளை நம்பி இந்தப் பக்கம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பலர் வாங்கியிருப்பது ஏறக்குறைய இதே வகையான, இதே வயதுடைய வீடுகளைத்தான். ஆகஸ்டில் ஒரு மாலை அடித்துப் பெய்த மழைக்குப் பிறகு, கூடத்து சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்குத் தேநீர் நிறக் கறை ஒன்று தெரிந்தது. அதைப் பற்றிச் சொன்னபோது ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டார்: "ஏம்ப்பா, மழையே பெய்யாத ஊருன்னுதானே சொன்ன? அப்புறம் எப்படி ஒழுகும்?" இங்கே புதிதாக வீடு வாங்கும் ஒவ்வொருவரும், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், மனத்தில் வைத்திருக்கும் கேள்வி அதுதான். அதனால்தான் சமையலறைக்கு எந்தக் கல் போடுவது என்று வாரக்கணக்கில் அலைகிறவர்கள், கூரையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஃபீனிக்ஸில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 18 சென்டிமீட்டர் சொச்சம். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் ஒரு நல்ல வாரத்திலேயே பெய்துவிடும் அளவு அது. ஆனால் அந்தச் சிறு மழை இங்கே ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்வதில்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று வானிலைத் துறை வரையறுத்திருக்கும் பருவமழைக் காலத்தில், முதலில் வானம் மறைய எழும் புழுதிச் சுவர் வரும். அதன் பின்னால் மேகத்திலிருந்து கீழே அறைந்து நாலாபுறமும் சிதறும் காற்று வரும். அந்தக் காற்றோடு சேர்ந்து மழை பக்கவாட்டில் வரும். 2014 செப்டம்பர் 8 அன்று ஃபீனிக்ஸில் ஒரே நாளில் 8 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் சும்மா இருக்கும் கூரை, சில மணி நேரங்களில் முழுப் பரீட்சையையும் எழுத வேண்டியிருக்கிறது.

மழையில்லாத அந்த நாட்களிலும் கூரை உண்மையில் சும்மா இருப்பதில்லை. வெயில் அதைத் தின்றுகொண்டிருக்கிறது. 2023இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாட்கள், இந்நகரின் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அடுத்த ஆண்டு, 100 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 38 டிகிரிக்குக் குறையாத நாட்கள் தொடர்ச்சியாக 113 வந்தன. இவை நிழலில் அளந்த கணக்கு. நேர் வெயிலில் கிடக்கும் கூரையின் மேற்பரப்பு 65, 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். இரவில் அது இறங்கும், காலையில் மறுபடி ஏறும். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ஆணியடித்த இடங்களும் தகடும் தாளும் சந்திக்கும் இடங்களும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடுகின்றன. தாரில் உள்ள எண்ணெய்ப்பசை வறண்டு போகிறது. புற ஊதாக் கதிர் படும் இடத்தில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் பொடிகின்றன. இங்கே கூரையைக் கெடுப்பது வெயில். கெட்டுப்போன செய்தியைச் சொல்ல வருவது மழை. அம்மாவுக்கு இதை விளக்கியபோது, "அப்ப வெயிலுக்குத்தான் கூரை பார்க்கணும்னு சொல்லு" என்றார். அதைவிடச் சரியாக எந்தக் கூரைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை.

ஓடு வேறு, கூரை வேறு

நம் ஊர்ப் பழக்கத்தில் கூரை என்றால் இரண்டு சித்திரங்கள்தாம் வரும். ஒன்று, ஏறிப் போய் வடகம் காயப்போடும் மொட்டை மாடி. அங்கே விரிசல் விட்டால் கண்ணால் பார்க்கலாம். தட்டோடு பெயர்ந்திருந்தால் காலில் தட்டுப்படும். மற்றொன்று, நாட்டு ஓடு வேய்ந்த வீடு. அதில் ஓடுதான் கூரை. உள்ளே நின்று நிமிர்ந்து பார்த்தால் ரீப்பரும் ஓட்டின் அடிப்பக்கமும் தெரியும். ஒளி வரும் இடத்தில் ஓடு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்துக்கு முன் ஓர் ஆள் ஏறி, நகர்ந்ததை நகர்த்தி, உடைந்ததை மாற்றிவிட்டு இறங்குவார். சாண்ட்லர் வீட்டின் கூரை மேல்பார்வைக்கு இரண்டாவது வகையைப் போலவே இருப்பதால், நாமும் அதையே எண்ணிக்கொண்டு தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, ஓடெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்தியடைந்துவிடுகிறோம்.

இங்கே அமைப்பு வேறு. மரச் சட்டங்களின் மேல் பலகை. அந்தப் பலகையின் மேல், அண்டர்லேமென்ட் என்று இவர்கள் சொல்லும் தார்த்தாள். தாளின் மேல் வரிசையாக ரீப்பர் கட்டைகள். கட்டைகளில் கொக்கி மாட்டியதைப் போல உட்காரும் கான்கிரீட் ஓடுகள். ஓடு செய்யும் வேலை இரண்டு: விழும் மழையில் பெரும்பகுதியை வழித்து விடுவது, கீழே இருக்கும் தாளுக்கு வெயில் படாமல் காப்பது. காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர் ஓட்டின் இடுக்குகள் வழியே உள்ளே போகத்தான் செய்யும். அப்படிப் போகும் என்று தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். அந்த நீரை வீட்டுக்குள் விடாமல் கீழ்விளிம்பு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது தாள். நீர் புகாமல் காக்கும் கூரை என்று எதைச் சொல்ல வேண்டுமோ, அது அந்தத் தாள்தான்.

"கூரை எத்தனை வருடம் தாங்கும்?" என்று கேட்டால் இரண்டு பதில்கள் இருப்பது இதனால்தான். கான்கிரீட் ஓடு 50 ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும். நேர் வெயில் படாவிட்டாலும் அதன் அடியில் அடுப்புச் சூட்டிலேயே கிடக்கும் 30 பவுண்டு ஃபெல்ட் என்ற சாதாரண வகைத் தார்த்தாள், இந்த ஊரில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் வந்தால் அதிர்ஷ்டம். வீடு விற்பவர் விளம்பரத்தில் போடுவது முதல் பதில். வாங்கியவர் செலவழிக்க வேண்டி வருவது இரண்டாவது பதிலுக்கு. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து 2006 வரை சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வீடுகள் மளமளவென்று எழுந்தன. ஒரே ஆண்டில் கட்டிய தெருவில் தாள்களும் ஒரே நேரத்தில்தான் ஓய்கின்றன. ஒரு வீட்டு வாசலில் ஓடுகளை அடுக்கி வைத்திருந்தால், அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தெரு முழுவதும் அப்படித்தான் இருக்கும்.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது இரண்டாவது கூரைக்காரர் ஓர் ஓட்டைத் தூக்கிக் காட்டிய காலையில். மெக்சிகோவின் சொனோராவில் பிறந்தவர், அறுபதை நெருங்கும் வயது. வெயில் ஏறுவதற்கு முன் ஆறு மணிக்கே ஏணியோடு வந்துவிட்டார். அவர் மேலே போக, நான் ஏணியின் மேல்படியில் தலை மட்டும் கூரைக்கு மேலே தெரிய நின்றேன். ஓட்டின் மேல் எப்படி நடக்க வேண்டும் என்பதையே அன்றுதான் பார்த்தேன்: மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது ஏறி உட்காரும் அந்த நான்கு விரல் அகலத்தில்தான் கால் வைத்தார்; நடுவில் மிதித்தால் ஓடு விரிசல் விட்டுவிடும். தெற்குச் சரிவின் கீழ் வரிசைக்கு மேலே உள்ள ஓட்டைச் சற்று மேல்நோக்கித் தள்ளி, அடியில் இருந்ததை உருவி எடுத்தார். ஓட்டின் அடிப்பக்கம் நேற்று அச்சிலிருந்து எடுத்ததைப் போலச் சுத்தமாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதற்குக் கீழே, ரீப்பர் கட்டையின் மேல்பக்கம் முழுவதும் இரண்டு விரல் உயரத்துக்கு மாவு போன்ற புழுதி படிந்திருந்தது. பாலோ வெர்டே மரத்தின் சிற்றிலைகள், ஒரு புறாவின் இறகு, எங்கிருந்தோ வந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. அவர் கையால் அதை வழித்து ஒதுக்கினார். தாள் தெரிந்தது. அதன் ஓரத்தை விரல்களால் பிடித்து லேசாக மடக்கினார். மடங்கவில்லை. அப்பளம் போல நொறுங்கி, கருப்புத் துகள்களாக என் பக்கம் உதிர்ந்தது. கட்டையை அடித்திருந்த ஆணியைச் சுற்றித் தாள் வட்டமாக விலகி, அடிப்பலகை கருத்துப் போயிருந்தது.

"வடக்குப் பக்கமும் பார்ப்போம்" என்று அவரே சொன்னார். கேட்காமலே சொன்னதுதான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம். வடக்குச் சரிவில் இன்னோர் ஓட்டைத் தூக்கினார். அங்கே தாள் விறைத்திருந்தது. ஆனால் மடக்கினால் மடங்கியது, உடையவில்லை. ஒரே வீடு, ஒரே நாளில் அடித்த ஒரே தாள். வெயில் நேராக விழும் தெற்கும் மேற்கும் முடிந்துவிட்டன, வடக்குக்கு இன்னும் சில ஆண்டுகள் உயிர் இருந்தது. ஏணியிலிருந்து இறங்கும்போதே அந்த மூன்று எஸ்டிமேட்டுகளின் புதிர் அவிழ்ந்துவிட்டது. முதலாமவர் பார்த்தது கறையை. அதற்கு நேர் மேலே, கூரையைத் துளைத்து வரும் குழாயின் ரப்பர்க் கழுத்து வெடித்திருந்ததைக் கண்டு, அதை மாற்றினால் கறை நிற்கும் என்றார், அது உண்மை. இரண்டாமவர் பார்த்தது தாளை. மூன்றாமவர் ட்ரோன் படங்களில் விரிசல் விட்ட ஓடுகளை எண்ணி, ஓட்டைப் பற்றிப் பதில் சொல்லியிருந்தார். மூவரும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தார்கள். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது மட்டும் வீட்டுக்காரரிடம் விடப்பட்டிருந்தது.

ஒட்டுவேலையா, பிரித்து மேய்வதா

ஒட்டுவேலையை இழிவாகப் பேசுவது கூரைத் தொழிலில் ஒரு வழக்கம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டுக்குப் பத்து, பன்னிரண்டு வயதாகி, தாள் மடங்கும் நிலையில் இருந்தால், ஒழுகலுக்கான காரணம் பெரும்பாலும் ஏதோ ஓர் இடத்தில்தான் இருக்கும்: குழாய்க் கழுத்து, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் மடித்து வைத்த தகடு, பழைய வீடுகளில் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஏசியின் கால், எப்போதோ ஒருவர் வந்து டிஷ் ஆன்டெனாவுக்கு அடித்துவிட்டுப் போன திருகாணி. எல்லாவற்றையும்விட அதிகமாகக் குற்றம் செய்வது, இரண்டு சரிவுகள் கூடும் ஓடை. புழுதிக் காற்று கொண்டுவரும் மண்ணும் இலையும் அங்கேதான் போய்ச் சேரும். புறா கூடு கட்டினால் அதுவும் அங்கேதான். ஓடை அடைத்துக்கொண்டால் நீர் தகட்டின் விளிம்பைத் தாண்டித் தாளின் மேல் ஏறும். அதைச் சுத்தம் செய்ய ஓர் அரைநாள் கூலி போதும். இந்த ஊரில் ஜூன் மாதம் பிறக்கும் முன் ஓடையைச் சுத்தம் செய்து வைப்பதைப் போல மலிவான கூரைப் பாதுகாப்பு வேறு இல்லை. அதைச் செய்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கறையைப் பற்றி ஒரு வார்த்தை. கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பக் கூடாது. பலகையில் இறங்கிய நீர் மரச் சட்டத்தின் வழியே பல அடி ஓடி, வசதியான ஓர் இடத்தில் ஜிப்சம் பலகையின் மேல் சொட்டும். எங்கள் வீட்டில் நேராக இருந்தது தற்செயல். மழைத்துளியே விழாத ஜூனில் கறை வந்தால், கூரைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் சீலிங்குக்கும் கூரைக்கும் இடையே உள்ள அட்டிக்கில் ஓடும் ஏசி நீர்க்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி வந்த கறைக்காகக் கூரையைப் பிரித்தவர்கள் உண்டு.

தாள் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டால் கதை வேறு. அன்று ஓர் இடத்தை ஒட்டினால் அடுத்த மழைக்கு இன்னோர் இடம் திறக்கும். ஒட்டுவதற்காக மேலே நடப்பவரின் காலடியிலேயே நான்கு ஓடுகள் விரிசல் விடும். அந்தக் கட்டத்தில் பிரித்து மேய்வதுதான் வழி. இதில் எஸ்டிமேட்டின் மொத்தத் தொகையைவிட, அதில் எழுதாமல் விட்டிருப்பவை முக்கியம். புதுத் தாள் எது? பழைய 30 பவுண்டு ஃபெல்ட் ஒரு சுற்றா, இரண்டு சுற்றா, அல்லது வெப்பத்தைத் தாங்கும் செயற்கைத் தாளா? கட்டைகளை அப்படியே தாளோடு சேர்த்து அடிக்கப் போகிறார்களா, அல்லது அடியில் நீர் ஓட இடைவெளி விட்டு உயர்த்தி அடிக்கப் போகிறார்களா? எங்கள் தாளைக் கெடுத்ததில் பாதிப் பங்கு, கட்டையின் பின்னால் தேங்கிய புழுதிக்கும் அது பிடித்து வைத்த ஈரத்துக்கும் உண்டு. அடிப்பலகை அழுகியிருந்தால் ஒரு பலகைக்கு என்ன விலை என்பதை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். பிரித்துப் போட்ட பிறகு பேரம் பேசும் நிலையில் எந்த வீட்டுக்காரரும் இருப்பதில்லை. கணக்கெல்லாம் சதுரத்தில் போடுவார்கள். நம் ஊர்க் கொத்தனார் சொல்லும் அதே நூறு சதுர அடிச் சதுரம்தான்.

பிரிக்கும்போது சில ஓடுகள் உடையத்தான் செய்யும். அந்த ஓட்டின் வடிவத்தையும் நிறத்தையும் கம்பெனி நிறுத்தியிருந்தால், பழைய ஓடுகளைச் சேர்த்து வைத்து விற்கும் இடங்களில் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், பின்பக்கச் சரிவின் நல்ல ஓடுகளை எடுத்து முன்பக்கம் போட்டு, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் மாற்று ஓடுகளை வைப்பது இவர்கள் வழக்கம். குடியிருப்போர் சங்கம் என்ற எச்.ஓ.ஏ. உள்ள இடங்களில், முன்பக்க ஓட்டின் நிறம் ஒரு சாயல் மாறினாலும் கடிதம் வரும். அனுமதியை முன்பே வாங்கிவிடுவது உத்தமம். கூரையைப் பார்த்துத் தெருவே கவலைப்படும் இந்த வழக்கத்தை நான் முழுமையாக ரசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

ஓட்டையே மாற்றச் சொன்ன மூன்றாமவரின் யோசனை எனக்கு ஏற்புடையதாக இல்லை. 50 ஆண்டு வாழும் பொருளை அதன் பாதி வயதில் குப்பைக்கு அனுப்புவதற்குக் காரணம் வேண்டும். ஆலங்கட்டியில் பெருவாரியாக உடைந்திருந்தாலோ, வடிவம் எங்குமே கிடைக்காமல் போனாலோ ஒப்புக்கொள்ளலாம். தெற்கு, மேற்குச் சரிவுகளை மட்டும் இப்போது செய்து, வடக்கைப் பிறகு பார்க்கலாமா என்று இரண்டாமவரிடம் கேட்டேன். செய்யலாம் என்றார், ஆனால் முகட்டு ஓடுகளை எப்படியும் திறக்க வேண்டும், ஆட்களை மறுபடி கூட்டிவர வேண்டும், உத்தரவாதமும் செய்த சரிவுகளுக்கு மட்டுமே தர முடியும் என்றார். அவர் சொன்ன வித்தியாசம் பெரிதாக இல்லாததால் முழுவதுமாகவே செய்தோம். கையில் பணம் இல்லாதவர்களுக்குப் பாதியாகச் செய்வதும் ஒரு நேர்மையான வழிதான். அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைப் பெரும்பாலான எஸ்டிமேட்டுகள் சொல்வதில்லை.

ஓடு இல்லாத வீடுகளைப் பற்றிச் சுருக்கமாக. தார் ஷிங்கிள் எனப்படும் தட்டைத் துண்டுகள் போட்ட கூரைக்கு, உறையில் 30 ஆண்டு என்று அச்சிட்டிருந்தாலும், இந்த வெயிலில் பதினைந்து, இருபதுதான் கணக்கு. மேலே ஒட்டியிருக்கும் மணல் பருக்கைகள் கீழே வாசலில் உதிர்ந்து கிடந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். ஷிங்கிளை எடுத்துவிட்டு ஓடு போடலாமா என்று கேட்பவர்கள் பொறியாளரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. கான்கிரீட் ஓடு ஒரு சதுரத்துக்கு 400 கிலோவுக்கு மேல் எடை, அதைச் சுமக்கச் சட்டங்கள் அமைந்திருக்க வேண்டும். தட்டைக் கூரையில் நுரை (ஃபோம்) அடித்திருந்தால், நுரை நெடுநாள் இருக்கும், அதன் மேல் பூசிய வெள்ளைப் பூச்சு இருக்காது. ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் மறுபூச்சு பூச வேண்டும். பூச்சு போய் நுரை வெயிலைப் பார்த்தால் மஞ்சளாகி, பழுப்பாகி, பொடியாகிவிடும். பறவைகள் வேறு அதைக் கொத்தித் துளைக்கும். இந்த வகைக் கூரை உள்ள வீட்டுக்காரர்கள் எப்போதும் தொந்தரவு என்று புலம்புகிறார்கள். ஆனால் பூச்சை ஒழுங்காகப் பூசி வருபவர்களுக்கு, ஓட்டு வீட்டுக்காரர்களைப் போல ஒரே அடியாகப் பெரிய செலவு வருவதில்லை.

காப்பீடும் கதவைத் தட்டுபவர்களும்

காப்பீடு இதற்கெல்லாம் பணம் தருமா என்பது எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. புயலும் ஆலங்கட்டியும் திடீரென்று செய்த சேதத்துக்குத் தரும். வயதாகித் தாள் நொறுங்கியதற்குத் தராது. எங்கள் வீட்டுக்கு வந்த காப்பீட்டு ஆள், சீலிங் கறையைச் சரிசெய்யும் செலவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, கூரைப் பக்கம் கையைக் காட்டி "தேய்மானம்" என்று எழுதிக்கொண்டு போனார். பாலிசியைப் படித்தால் அவர் சொன்னது சரிதான். 2010 அக்டோபர் 5 அன்று ஃபீனிக்ஸில் பெய்த ஆலங்கட்டி மழை 250 கோடி டாலருக்கு மேல் சேதம் செய்தது. ஏராளமான கூரைகள் காப்பீட்டுப் பணத்தில் மாறின. அந்த நினைவில், இன்றும் ஒரு பெரிய காற்று அடித்த மறுநாள், வீடு வீடாகக் கதவைத் தட்டி, "உங்கள் கூரையில் சேதம் தெரிகிறது, இலவசமாக ஏறிப் பார்க்கிறோம், டிடக்டிபிளையும் (காப்பீட்டில் வீட்டுக்காரர் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சிலர் வருவார்கள். முன்பின் தெரியாதவரைக் கூரைமேல் ஏறவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஏறும்போது இல்லாத விரிசல் இறங்கும்போது இருக்க வாய்ப்பு உண்டு.

அரிசோனாவில் கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலரைத் தொடும் வேலைக்கு லைசென்ஸ் கட்டாயம். வீட்டுக் கூரை வேலைக்கு ஆர்-42 என்ற வகை. ஒப்பந்தக்காரர்களின் பதிவாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால், லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா என்று காட்டும். இதை எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்பதைச் சொல்வதில்லை. லைசென்ஸ் உள்ளவர் வேலையைக் கெடுத்துவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவாளரிடம் புகார் கொடுக்கலாம். அவர் சரிசெய்து தராமல் போனால், வீட்டுக்காரர்களுக்கென்று மாநிலம் வைத்திருக்கும் இழப்பீட்டு நிதியிலிருந்து ஒரு வீட்டுக்கு 30,000 டாலர் வரை கிடைக்க வழி உண்டு. லைசென்ஸ் இல்லாதவரிடம் பாதி விலைக்குச் செய்தால் அந்தக் கதவு மூடிவிடும். நண்பரின் நண்பர் செய்து தருகிறார் என்று நம் ஆட்கள் போகும் இடமும் பெரும்பாலும் அதுதான்.

வேலையை எப்போது வைப்பது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. முதல் பருவமழை அடித்ததும் ஊரே கூரைக்காரர்களைக் கூப்பிடும். அப்போது தேதியும் கிடைக்காது, பேரமும் படியாது. அது இருக்கட்டும். 2023இல் ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா கவுண்டியில் வெப்பம் தொடர்பான மரணங்கள் 645. அதே வெயிலில் கூரைமேல் முட்டி போட்டுக்கொண்டு ஓடு பிரிப்பவர்களும் மனிதர்கள். கோடையில் விடியும் முன்பே விளக்கு வெளிச்சத்தில் தொடங்கி, நண்பகலுக்கு முன் இறங்கிவிடுவார்கள் என்றாலும், ஒழுகல் அவசரம் இல்லாத வேலையை ஜூலையில் செய்யச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. குழாய்க் கழுத்தை மட்டும் உடனே மாற்றிக்கொண்டு, பிரித்து மேயும் வேலையை நாங்கள் நவம்பருக்குத் தள்ளினோம். குளிர்ந்த காலையில் வந்தவர்கள் அவசரமில்லாமல் வேலை செய்தார்கள்; ஓடுகளும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே உடைந்தன.

சோலாரும் வீடு வாங்குவதும்

இந்த வெயிலில் சோலார் போடாமல் இருப்பது பாவம் என்று ஒவ்வொரு வார இறுதியிலும் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். போடலாம். ஆனால் பலகைகளை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறோமோ, அத்தனை ஆண்டுகள் அடியில் உள்ள தாள் தாங்குமா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். பதினெட்டு வயதுத் தாளின் மேல் இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதமுள்ள பலகைகளைப் பொருத்தினால், நடுவில் ஒருநாள் அவற்றைக் கழற்றி, கூரையைச் செய்து, மறுபடி மாட்ட வேண்டி வரும்; அந்தச் செலவு ஆயிரக்கணக்கில் போகும், அதை யார் தருவது என்பது சோலார் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்காது. என் தெருவில் சோலார் விற்பனையாளரிடம் "கூரைக்கு வயது என்ன?" என்று கேட்டவரைவிட, "மாதம் எவ்வளவு மிச்சமாகும்?" என்று கேட்டவர்களே அதிகம். பலகைகளுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள நிழலில் புறாக்கள் குடியேறும் என்பதையும் யாரும் சொல்வதில்லை; கம்பி வலையை முதல் நாளே கட்டிவிட வேண்டும்.

வீடு பார்க்கும் இளைய நண்பர்கள் இப்போது என்னையும் அழைத்துப் போகிறார்கள். போன மாதம் கில்பர்ட்டில் 2003இல் கட்டிய ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்த தம்பி ஒருவர், ஆய்வாளரின் அறிக்கையைக் காட்டினார். "அண்ணா, கூரை நல்லா இருக்குன்னு போட்டிருக்கு பாருங்க" என்றார். அறிக்கையில் இருந்தது, விளிம்பிலிருந்து பார்த்தவரை ஓடுகளில் பெரிய குறை தென்படவில்லை, அண்டர்லேமென்ட்டைப் பார்க்க முடியவில்லை என்ற வரி. விற்பவரிடம் தாளை எப்போதாவது மாற்றியிருக்கிறார்களா, மாற்றியிருந்தால் பெர்மிட்டோ ரசீதோ உண்டா என்று கேட்கச் சொன்னேன். இல்லை என்று பதில் வந்தது. ஒரு கூரைக்காரருக்கு நூற்றைம்பது டாலர் கொடுத்து, தெற்கில் ஓர் ஓட்டையும் வடக்கில் ஓர் ஓட்டையும் தூக்கிப் பார்க்க ஏற்பாடு செய்தார். அந்தப் படங்களை வைத்து விலையில் 12,000 டாலர் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். விற்பவர் 8,000 வரை இறங்கியிருக்கிறார். மீதியைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.